அஸ்வானிலிருந்து மகளுக்கு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் நலம். கப்பல் எகிப்தின் தெற்கே அஸ்வான் கரையில் கட்டிக் கிடக்கிறது. அம்மா மேல்தட்டில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசிக்கொண்டிருக்கிறாள். படங்களை அவள் உனக்கு அனுப்பிவிட்டாள். புது அணைத் திட்டத்தில் மூழ்கும் பகுதியின் வரைபடம் உன் மேசைக்கு வந்திருப்பதாகப் போனில் சொன்னாயே, அது முதல் உன்னிடம் சொல்ல நிறைய இருக்கிறது.

லக்சரில் ஏறினோம். நைல் தெற்கிலிருந்து வடக்கே ஓடுகிறது, காற்றோ பெரும்பாலும் வடக்கிலிருந்து தெற்கே அடிக்கிறது. பாயை விரித்தால் ஆற்றை எதிர்த்து மேலே போகலாம். சுருட்டிவிட்டால் நீரோட்டமே கீழே கொண்டுவந்து சேர்த்துவிடும். ஃபெலுக்கா என்கிற ஒற்றைப் பாய்ப் படகுகள் இன்றும் இந்தக் காற்றை நம்பித்தான் ஓடுகின்றன. கரையில் பேரீச்சை, கரும்பு, எருமைகள். அதையொட்டியே மணல்மேடு. பச்சை பல இடங்களில் ஒரு கூப்பிடு தூரம்கூட இல்லை.

எஸ்னா அணையில், கப்பலை ஒரு நீர்மட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு ஏற்றி இறக்கும் லாக்கில் கப்பல் காத்து நின்றபோது வியாபாரிகள் சின்னப் படகுகளில் வந்து சூழ்ந்துகொண்டார்கள். துணியைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி, குறி தவறாமல் மேல்தட்டுக்கே வீசுகிறார்கள். பேரம் கத்தியே நடக்கிறது. படிந்தால் அதே பையில் பணத்தை வைத்துக் கீழே போட வேண்டும். அம்மா உனக்கு ஒரு மேசைவிரிப்பு வாங்கினாள். நல்ல பருத்தி.

எட்ஃபு கோயிலைப் பற்றி அவளே சொல்வாள். கொம் ஓம்போவில் எல்லாரும் முதலைத் தெய்வத்தின் சன்னிதிக்குப் போனார்கள். நான் அங்கிருந்த வட்டக் கிணற்றருகே நின்றுவிட்டேன். வெள்ளத்தின் உயரத்தை அளக்கத் தோண்டிய கிணறு அது. எத்தியோப்பியாவில் பெய்யும் மழை கோடையின் கடைசியில் இங்கே வெள்ளமாக வரும். அளவு குறைந்தால் பஞ்சம், மிஞ்சினால் ஊர் போகும். அந்த ஆண்டுக்கான வரியையும் அதைப் பார்த்தே போட்டார்கள். மேட்டூர் நீர்மட்டத்தைப் பார்க்காமல் காலைக் காபி குடிக்காத எனக்கு அந்தக் கிணற்றை விட்டு வர மனமில்லை.

இப்போது அந்தக் கிணற்றுக்கு வேலையில்லை. 1964-இல் ஆற்றை மறித்தார்கள், 1970-இல் அஸ்வான் உயர் அணை முடிந்தது. 111 மீட்டர் உயரம், மூன்றரைக் கிலோமீட்டருக்கு மேல் நீளம். பின்னால் சூடான் வரைக்கும் சுமார் 500 கிலோமீட்டருக்கு நாசர் ஏரி. அணைமேல் நின்றபோது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது, மறைக்க மாட்டேன். எண்பதுகளில் எத்தியோப்பியா பஞ்சத்தில் வாடியபோது எகிப்து பிழைத்தது இந்த ஏரித் தண்ணீரால். வண்டல் அணைக்குப் பின்னாலேயே படிந்துவிடுகிறது, வயலுக்கு உரம் வாங்கிப் போட வேண்டியிருக்கிறது. அதைப் பற்றி நீ நிறையப் படித்திருப்பாய்.

நேற்று மாலை ஃபெலுக்காவில் போனோம். படகோட்டி நூபியர், அதாவது எகிப்தின் தெற்கிலும் சூடானின் வடக்கிலும் நைல் கரையில் தொன்றுதொட்டு வாழ்ந்த மக்களில் ஒருவர். முப்பது வயதிருக்கும். ஆங்கிலம் நன்றாகப் பேசினார். அவருடைய பாட்டியின் ஊர் ஏரிக்கடியில் இருக்கிறதாம். அங்கே மண்வீடுகளின் சுவரில் பீங்கான் தட்டுகளைப் பதித்து வைப்பார்களாம், வாசலில் நின்றால் ஆறு தெரியுமாம். 1902-இல் பழைய அணை கட்டி, பிறகு இரண்டு முறை உயர்த்தினார்கள். ஒவ்வொரு முறையும் நூபியர் மேட்டுக்கு ஏறி வீடு கட்டிக்கொண்டார்கள். கடைசியில் ஏற மேடே இல்லை. 1963-64-இல் எகிப்துப் பக்கம் மட்டும் சுமார் ஐம்பதாயிரம் பேரைக் கொம் ஓம்போ பக்கம் குடியேற்றினார்கள். புது ஊர்களுக்கும் பழைய பெயர்களையே வைத்தார்கள். போய்ச் சேர்ந்தபோது பல வீடுகள் கட்டி முடியவில்லை, ஆறும் பக்கத்தில் இல்லை. அந்தப் படகோட்டி அஸ்வானுக்கு வந்ததே ஆற்றுக்காகத்தானாம்.

1964 முதல் 1968 வரை, ஏரியில் மூழ்காமல் காப்பாற்ற, அபு சிம்பெல் என்ற பழங்காலக் கோயிலை அறுத்து, ஒவ்வொரு கல்லுக்கும் எண் போட்டு, 65 மீட்டர் உயரே ஏற்றி, எந்தக் கல் எங்கே இருந்ததோ அங்கேயே பொருத்தினார்கள். பல நாடுகள் பணம் கொடுத்தன. அந்த வேலையை நான் மனமாரப் போற்றுகிறேன். அந்த அக்கறை மனிதர்களுக்கும் கிடைத்திருக்க வேண்டும். நூபியரைப் பத்து ஆண்டுக்குள் தங்கள் பகுதிக்கே திரும்பக் கொண்டுவர அரசு பாடுபடும் என்று எகிப்தின் 2014 அரசமைப்புச் சட்டம் எழுதி வைத்தது. அந்தப் பத்து ஆண்டும் முடிந்துவிட்டது.

பாப்பா, உன் திட்டத்தில் மூழ்கும் ஊர்களுக்கு மாற்றிடம் எதுவென்று முடிவாகும் முன் அங்கே நீயே ஒரு முறை போ. வருவாய்த் துறைக்காரர்களோடு போகாதே, தனியாகப் போ. எந்தத் தெருக்காரர் எந்தத் தெருக்காரரோடு கொண்டு கொடுக்கிறார்கள், பெண்கள் தண்ணீருக்கு எங்கே போகிறார்கள், சுடுகாடும் இடுகாடும் எங்கே, குலதெய்வம் யார் நிலத்தில் இருக்கிறது, பட்டா இல்லாமல் குடியிருப்பவர் யார் யார் என்று கேட்டு எழுதிக்கொள். புது மனைகளைப் பிரிக்கும்போது பழைய அக்கம்பக்கம் கலையாமல் பார். படிவத்தில் இதற்கெல்லாம் கட்டம் இருக்காது, பின்னிணைப்பாகச் சேர். மேலதிகாரி நேரமில்லை என்றால் எனக்குப் போன் பண்ணு, எப்படிக் குறிப்பு எழுதினால் கோப்பில் நிற்கும் என்று சொல்கிறேன்.

நாளை விடியுமுன் அபு சிம்பெலுக்கு வண்டி. அம்மாவின் பிரஷர் மாத்திரை போதுமான அளவு இருக்கிறது, கவலைப்படாதே. சாப்பாட்டை மட்டும் தள்ளிப்போடாதே.

அன்புடன்,
அப்பா