ஐந்தும் உன் மேல் படட்டும்

அன்பு மகளுக்கு,

இங்கு நாங்கள் நலம். விடுமுறையில் வரும்போது, நீர், நிலம், நெருப்பு, காற்று, ஆகாயம் என்று சிவனை வழிபடும் பஞ்சபூதத் தலங்கள் ஐந்தையும் தரிசிக்க வேண்டும் என்று எழுதியிருந்தாய். படித்ததும் மனம் நிறைந்துவிட்டது. ஆனால் இரண்டே நாளில் காரில் சுற்றி முடிக்கும் திட்டம் வேண்டாம், கண்ணம்மா. அந்தக் கோயில்களில் கண்ணுக்குக் கிடைப்பது கொஞ்சம்தான். உடம்பில் படுவதே அதிகம்.

திருவானைக்காவிலிருந்து தொடங்கு. எனக்கு ஐந்திலும் நெருக்கமானது அதுதான். அம்பாள் நீரையே லிங்கமாகத் திரட்டிப் பூசித்த தலம். ஒன்பது துளைகள் கொண்ட கல் சாளரத்தின் வழியேதான் சுவாமியைப் பார்க்க வேண்டும். உள்ளே போவதானால் குனிந்து, ஒடுங்கி நுழைய வேண்டும். அந்தச் சிறிய கருவறையின் ஈரக்காற்று முகத்தில் படும். காவிரியில் தண்ணீர் பெருகும் காலத்தில் லிங்கத்தின் அடியில் நீர் ஊறும். உச்சிக்காலப் பூசையைத் தவறவிடாதே. அர்ச்சகர் புடவை உடுத்தி, கிரீடம் சூடி, அகிலாண்டேசுவரியாகவே சுவாமி சந்நிதிக்கு நடந்து வருவார். அம்பாள் செய்த பூசை இன்றும் தினமும் நடக்கிறது என்பதை நினைத்தாலே எனக்குக் கண் கலங்கும்.

காஞ்சியில் ஏகாம்பரநாதர் மணல் லிங்கம். அதனால் லிங்கத்துக்கு நீர் அபிஷேகம் கிடையாது, அதன் பீடமான ஆவுடையாருக்குத்தான். வெள்ளம் வந்தபோது மணல் கரைந்துவிடக்கூடாதே என்று அம்பாள் கட்டிக்கொண்டாளாம். அதனால் அவருக்குத் தழுவக் குழைந்த நாதர் என்றும் பெயர்.

திருவண்ணாமலையில் மலையே அக்கினி. 14 கிலோமீட்டர் கிரிவலத்தை வெறுங்காலோடு, விடியுமுன் தொடங்கிவிடு. வெயில் ஏற ஏறப் பாதையின் சூடு உள்ளங்காலில் தெரியும்.

காற்றுத் தலமான காளத்தியில் (ஸ்ரீகாளஹஸ்தி) கருவறைக்குள் ஒரு விளக்கைப் பார். மற்றச் சுடர்கள் அசையாமல் நிற்க, அது மட்டும் ஆடிக்கொண்டேயிருக்கும். அதைப் பார்த்து நிற்கையில் உன் மூச்சு உனக்கே கேட்கும். சிதம்பரத்தில் திரை விலகியதும் தெரிவது பொன் வில்வ மாலைகள் மட்டுமே, பின்னால் வெட்டவெளி. அதைப் பற்றி எழுத எனக்குச் சொல் போதாது.

பேத்தியைக் கட்டாயம் அழைத்து வா. தீர்த்தத்துக்குக் கையைக் குவிக்கவும், தீபாராதனைத் தட்டின் சூட்டைக் கண்களில் ஒற்றிக்கொள்ளவும், திருநீற்றைச் சிந்தாமல் நெற்றியில் இடவும் இந்த வயதிலேயே பழகட்டும். கைப்பேசி காரிலேயே இருக்கட்டும்.

கார்த்திகை தீபத்தை ஒட்டி வருவதானால் சீக்கிரம் சொல். திருவண்ணாமலையில் 2,668 அடி உயர உச்சியில் ஏற்றும் தீபம் 11 நாள் எரியும். முதல் நாள் கூட்டம் குழந்தைக்கு ஆகாது. இரண்டு மூன்று நாள் கழித்துப் போகலாம். மாப்பிள்ளைக்கு விடுப்பு உறுதியானதும் தேதியை எழுது. தங்குவதற்கு அப்பா ஏற்பாடு செய்துவிடுவார்.

அன்புடன்,
அம்மா