பனி அள்ளுவது உடற்பயிற்சி அல்ல

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த இதழில் வந்த குளிர்காலக் குறிப்புகளில், ‘ஊரில் மண்வெட்டி பிடித்த கைகளுக்குப் பனி ஒரு பொருட்டா? அள்ளினால் உடற்பயிற்சியும் ஆயிற்று, ஜிம்முக்குக் கட்டும் காசும் மிச்சம்’ என்று எழுதியிருந்தீர்கள். அதை வாசித்த என் கணவர், “பாரும், பேப்பரிலேயே போட்டிருக்கு” என்று சொல்லிவிட்டு, கராஜில் பெட்டிகளுக்குப் பின்னால் நான் ஒளித்து வைத்திருந்த, பனி அள்ளும் சவலைத் (shovel) தேடி எடுத்து வந்தார். இந்தக் கடிதத்தை எழுத வைத்தது அதுதான்.

2025 பெப்ரவரியில் ரொறன்ரோவில் ஒன்பது நாட்களுக்குள் அரை மீற்றருக்கு மேல் பனி கொட்டியதைத் தாங்களும் கண்டிருப்பீர்கள். அவர் வீட்டு முன்னால் கார் நிறுத்தும் ட்ரைவேயை இரண்டு தடவை வழித்து முடித்த பிறகு, பனி தள்ளும் வண்டி வந்து வாசலுக்குக் குறுக்கே ஒரு வரம்பைக் கட்டிவிட்டுப் போனது. புதிதாக விழும் பனி பஞ்சு போன்றது. வண்டி ஒதுக்கும் பனியோ உப்பும் தண்ணீரும் ஊறி, கட்டி கட்டியாய், ஈர மண்ணைப் போலக் கனக்கும். அதில் பாதியை வெட்டியவர் சவலை ஊன்றிக்கொண்டு நின்றார். கையுறையைக் கழற்றி, அந்தக் குளிரிலும் நெற்றியில் வழிந்த வியர்வையைத் துடைத்தார். இடது தோள் பிடித்துக்கொண்டது என்றார். நானும் சுளுக்கென்றே நம்பி, உள்ளே கூட்டிவந்து தைலம் தேய்த்துவிட்டேன். அரை மணித்தியாலம் அப்படியே வீணாகியது. மாரடைப்பு என்பது வைத்தியசாலையில்தான் தெரிந்தது. அடைபட்ட இரத்தக் குழாயைத் திறந்து வைத்திருக்கும் ஸ்டென்ட் இரண்டு வைத்து அவரைக் காப்பாற்றித் தந்தார்கள்.

குளிரில் இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. கைகளால் பாரம் தூக்கும்போது மூச்சை அடக்குகிறோம், இரத்த அழுத்தம் ஏறுகிறது. இதயத்துக்கு அதிக இரத்தம் தேவைப்படும் அதே வேளையில்தான் அதன் வழி ஒடுங்குகிறது. கியூபெக் மாகாணத்தின் 1981 முதல் 2014 வரையான பதிவுகளை ஆராய்ந்து 2017இல் வெளியிட்ட ஆய்வொன்று, 20 சென்றிமீற்றர் பனி கொட்டிய மறுநாளில் ஆண்கள் மாரடைப்பால் இறக்கும் அபாயம் மூன்றில் ஒரு பங்கு கூடுவதாகச் சொல்கிறது. ஆசிரியராகிய தாங்கள் இதை அறியாதவர் அல்லர் என்பதுதான் என் வருத்தம்.

இது முதல் முறையும் அல்ல. முன்பொரு குளிர்காலத்தில், படியில் உறைந்த ஐஸைக் கரைக்கக் கொதிநீர் ஊற்றும்படி தங்கள் இதழில் எழுதியிருந்தது. அப்படியே செய்த எங்கள் அயல்வீட்டு அம்மா, சிறிது நேரத்தில் கண்ணாடியாக உறைந்த அதே படியில் விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். சாதாரண உப்பு மறை (மைனஸ்) 10 பாகை செல்சியஸுக்குக் கீழே பெரிதாக வேலை செய்யாது, அப்போது வழுக்காமலிருக்க மணல் தூவலாம் என்று ஒரு வரி எழுதியிருந்தால் போதுமாயிருந்தது. வீட்டைச் சூடாக்கும் ஃபேர்னஸின், பக்கச் சுவரில் இருக்கும் புகைக் குழாயின் வாயைப் பனி மூடினால் காபன் மொனொக்சைட் என்ற நச்சு வாயு வீட்டுக்குள் திரும்பக்கூடும் என்பதையும் நான் தங்கள் பக்கங்களில் இதுவரை வாசித்ததில்லை. பேஸ்மென்டில் குடியிருக்கும் எத்தனையோ தமிழ்க் குடும்பங்களுக்கு இது தெரியாது. பனி போர்த்திய மரங்களின் அட்டைப்படம் மட்டும் வருடந்தோறும் தவறாமல் வருகிறது.

அடுத்த இதழில், அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் ஒரு திருத்தம் போடுங்கள். இதய நோயுள்ளவர்கள் சவலைத் தொடவே கூடாது என்றும், மற்றவர்கள் பனியைத் தூக்கி எறியாமல், கொட்டக் கொட்டச் சிறிது சிறிதாகத் தள்ள வேண்டும் என்றும், நெஞ்சிலோ தோளிலோ தாடையிலோ நோவு வந்தால் தைலத்தைத் தேடாமல் உடனே அவசர உதவிக்கு 911ஐ அழைக்க வேண்டும் என்றும் அதில் இருக்கட்டும். தாங்கள் அச்சிட்டதைத்தான் என் கணவர் நம்புகிறார். வெட்டி எடுத்து, கராஜ் கதவில் ஒட்டிவைப்பேன்.

இங்ஙனம்,
நீண்டகால வாசகி,
ஸ்காபரோ