அந்தச் சுவரில் உள்ளவர்கள்

வெள்ளவத்தை,
கொழும்பு 06.

அன்புள்ள மகன் அறிய,

வட்ஸ்அப்பில் எழுதினால் இரண்டு நீலக் கோடு விழும், பதில் வராது. ஆகவே இதைக் கடிதமாக எழுதி, சனிக்கிழமை புறப்படும் மாமியிடம் கொடுத்துவிடுகிறேன். அம்மா கட்டிய பொதியும் அவவிடம்தான். பருத்தித்துறை வடை மேலே இருக்கிறது, மிளகாய்த்தூள் அடியில். பக்கத்து வளவில் புது மாடிக் கட்டடத்துக்குத் துளை போடுகிறார்கள். கதவைச் சாத்திக்கொண்டு எழுதுகிறேன்.

உன் யூசிஎல்ஏயில், அதுதான் அந்த லொஸ் ஏஞ்சல்ஸ் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில், சுவரில் மாட்டியிருக்கும் பழைய வீரர்களின் படங்களை அனுப்பி, "அப்பா, இந்தச் சுவரில் பேர் வர வேணுமெண்டால் முழுநேரமாக இறங்க வேணும்" என்று எழுதியிருந்தாய். ஒரு வருடம் படிப்பை நிறுத்திவிட்டு வெளியில் ஒரு பயிற்றுவிப்பாளரிடம் முப்பாய்ச்சல் மட்டும் பழகப் போகிறாயாம். விளையாடாதே என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. சுகததாச அரங்கில் வெயிலில் உன் சப்பாத்துப் பையைக் காவிக்கொண்டு நின்றவன் நான். ஆனால் அந்தச் சுவரை நீ வாசித்த விதம் எனக்குச் சரியாகப் படவில்லை.

நீ அனுப்பிய படங்களில் இல்லாத ஒருவரில் இருந்து தொடங்குகிறேன். நாகலிங்கம் எதிர்வீரசிங்கம். பெரியவிளானில் பிறந்து யாழ் மத்திய கல்லூரியில் படித்தவர். 17 வயதில், 1952இல், ஹெல்சிங்கி ஒலிம்பிக்குக்குப் போனார். 1956இல் மெல்பேர்ணுக்கும் போனார். இரண்டிலும் பதக்கம் இல்லை. 1958 டோக்கியோ ஆசிய விளையாட்டில் உயரம் பாய்தலில் 2.03 மீற்றர் பாய்ந்து இலங்கைக்கு முதலாவது ஆசியத் தங்கத்தைக் கொண்டுவந்தார். அந்த ஆண்டுகளில்தான் அவர் உன் யூசிஎல்ஏயில் மாணவராக இருந்தார், அதன் அணிக்காகவும் பாய்ந்தார். பிறகு கோர்னெல் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டம். 2024இல் காலமாகும்வரை சனம் அவரைக் 'கலாநிதி' என்றே சொன்னது.

2.03 என்பது எவ்வளவு என்று உன் அறை வாசலில் நாடாவைப் பிடித்துப் பார்த்தேன். மேல்நிலைக்கு அரைச்சாண்தான் மிச்சம். அதைத் தாண்டி மெத்தையில் விழுந்தவரில்லை அவர். எங்கள் காலத்தில்கூட, இல்ல விளையாட்டுப் போட்டிக்கு முதல்நாள் பின்னேரம் மண்வெட்டியால் குழியைக் கொத்தி மணலைப் பொங்க வைப்போம். குறுக்குத்தடி மூங்கில், நடுவில் தொய்ந்திருக்கும். அதனால் உயரத்தை நடுவில் வைத்துத்தான் மாஸ்டர் அளப்பார். முதுகில் விழுந்தால் அடுத்த நாள் பள்ளிக்கூடம் இல்லை. முதுகைக் காட்டிப் பாயும் முறையை உலகம் கண்டது 1968 மெக்சிக்கோவில்தான். அதைக் கொண்டுவந்த டிக் பொஸ்பரியும் ஒரெகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்துக்கொண்டிருந்த பையன். பாடத்தையும் பாய்ச்சலையும் ஒன்றாக வைத்திருந்தவன்தான் அந்த விளையாட்டையே மாற்றினான்.

உன் சுவரில் உள்ள ரேஃபர் ஜோன்சனுக்கு வருவோம். பத்து அம்சப் போட்டிக்காரர். அதுவே ஒருவனின் முழு நாளையும் தின்னும். அதோடு பல்கலைக்கழக மாணவர் சங்கத் தலைவராகவும் இருந்தார். அவரோடு சேர்ந்து பயிற்சி எடுத்தவர் தைவானில் இருந்து வந்த சி. கே. யாங். நீ ஓடும் திடலுக்கு யாருடைய பெயர் வைத்திருக்கிறார்களோ, அந்த டிரேக்தான் இருவருக்கும் பயிற்றுவிப்பாளர். 1960 ரோமில் தங்கத்துக்கு நின்றதும் இந்த இருவர்தான். பத்தில் ஏழு போட்டிகளில் யாங் முந்தினார். ஆனால் குண்டு, தட்டு, ஈட்டி மூன்றிலும் ஜோன்சன் அள்ளிய புள்ளிகள் பெரிது. கடைசியாக இரவில் 1500 மீற்றர். யாங் ஏறத்தாழப் பத்து விநாடி வித்தியாசத்தில் வென்றால் தங்கம் அவருக்கு.

இருவரும் ஒருவர் பின் ஒருவராக அதே டிரேக்கிடம்தான் யோசனை கேட்கப் போனார்கள். அவர் ஜோன்சனிடம் யாங்கை விடாமல் ஒட்டிக்கொண்டு ஓடச் சொன்னார். யாங்கிடம், எப்படியாவது ஜோன்சனைக் கழற்றிவிட்டு ஓடச் சொன்னார். இரண்டுமே நேர்மையான யோசனை. ஜோன்சன் 1.2 விநாடி பின்னால் வந்து, 58 புள்ளியால் தங்கம் எடுத்தார். உன் புதுப் பயிற்றுவிப்பாளர் உன்னிடம் மாதம் இவ்வளவு என்று கேட்கிறாரே, அவர் இப்படி ஒரு இடத்தில் என்ன சொல்லுவார் என்று யோசித்துப் பார்.

ஜாக்கி ஜோய்னர்-கேர்ஸியின் படத்தை இரண்டு தரம் அனுப்பியிருந்தாய். சியோலில், 1988இல், அவ எடுத்த 7291 புள்ளிதான் இன்றைக்கும் ஏழு அம்சப் போட்டியின் உலக சாதனை. 1984 ஒலிம்பிக்குக்கு ஆயத்தமாக அவவும் ஒன்றை நிறுத்தினா, ஓம். நிறுத்தியது கூடைப்பந்தாட்டத்தை. அந்த முறை 5 புள்ளியால் தங்கம் தவறியது. பிறகு கூடைப்பந்துக்கும் திரும்பினா, வரலாற்றுப் பாடத்தில் பட்டமும் எடுத்தா.

நீ என்ன கேட்பாய் என்று தெரியும். ஜாக்கி ரொபின்சன் பட்டத்துக்குச் சில மாதம் இருக்க, 1941இல், படிப்பை விட்டாரே என்பாய். விட்டார். அங்கே நான்கு விளையாட்டில் அணிச் சின்னம் வாங்கிய முதல் ஆள் அவர். அந்த நான்கில் அவர் மோசமாக ஆடியது பேஸ்போல், 1947இல், கறுப்பர்களைச் சேர்க்காத நிறத்தடையை உடைத்ததும் அதே பேஸ்போலில்தான். இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் சிரிப்பு வரும். ஃப்ளோரன்ஸ் கிரிஃபித்தும் இடையில் படிப்பை விட்டு வங்கிக் கவுண்டரில் நின்றவதான். பிறகு யூசிஎல்ஏக்கு வந்து 1983இல் பட்டம் எடுத்தா. 100 மீற்றரை 10.49 விநாடியில் ஓடிய உலக சாதனை அதற்குப் பிறகு. ஆனால் தம்பி, இருவரும் வீட்டில் காசில்லாமல் நிறுத்தினார்கள். ரொபின்சனின் தாய் தனியாளாக உழைத்துப் பிள்ளைகளை வளர்த்தவ. உன்னை நாங்கள் அந்த நிலையில் வைக்கவில்லை. அவர்களின் பெயரைச் சொல்லி என்னிடம் வழக்காட வராதே.

இனி, அம்மா பயப்படும் விஷயம். பாடம் பதியாவிட்டால் மாணவர் விசா ஆட்டம் காணும். பல்கலைக்கழக அணியிலும் இடம் இல்லை. வெளியில் பழகிவிட்டு அடுத்த வருடம் வந்து நிற்பேன் என்கிறாய். வருவதற்கு அவர்களும் விட வேண்டுமே.

நான் சொல்வது இதுதான். காலாண்டுக்கு 12 அலகுப் பாடத்துக்குக் குறையாமல் எடு, அதற்கு மேல் எடுக்காதே. பட்டம் ஒரு வருடம் பிந்தினாலும் பரவாயில்லை, அந்தச் செலவை நான் பார்க்கிறேன். வைப்பில் போட்டது ஆவணியில் முதிர்கிறது. அந்த வெளி ஆளிடம் கோடை விடுமுறையில் மட்டும் பழகு, அந்தக் காசையும் அனுப்புகிறேன். உன் அம்மாவுக்கு இந்தக் கடைசி வரி இன்னும் தெரியாது. தொலைபேசியில் உளறிவிடாதே.

அடுத்த காலாண்டுக்குப் பதியக் கடைசித் திகதி எப்போது, எவ்வளவு கட்ட வேண்டும் என்று உடனே அறிவி. வங்கியில் டொலர் அனுப்பப் படிவம் நிரப்பவே ஒரு கிழமை எடுக்கிறார்கள்.

அன்புடன்,
அப்பா