லண்டன்–நியூயார்க்: தூரமும் நேரமும்

அன்புள்ள கண்ணம்மா,

லண்டன்–நியூயார்க் தூரம் ஓரிடத்தில் 5,550, இன்னோரிடத்தில் 3,450, வேறோரிடத்தில் 3,000 என்று போட்டிருப்பதாக எழுதியிருந்தாய். மூன்றும் ஒன்றுதானம்மா. முதலாவது கிலோமீட்டர், அடுத்தது மைல், கடைசியில் இருப்பது விமானிகள் கணக்கிடும் கடல் மைல் (ஒன்றுக்கு 1.852 கி.மீ.). எல்லாமே உருண்டையான பூமியின் மேல் அளந்த குறுக்குவழித் தூரம். உலக உருண்டையில் இரண்டு ஊருக்கும் நடுவே நூலை இழுத்துப் பிடித்துப் பார், அது வடக்கே வளைந்து, கனடாவின் கிழக்குக் கோடியில் இருக்கும் நியூஃபவுண்ட்லாந்து தீவுப் பக்கமாகப் போகும்.

நேரத்துக்கு ஒரு கைக்கணக்கு உண்டு. கிலோமீட்டர் தூரத்தை 850 ஆல் வகுத்து அரை மணி கூட்டிக்கொள். இங்கே ஏழு மணி நேரம் வரும். அந்த அரை மணி, ஓடுபாதைக்கு ஊர்ந்து போவதற்கும் ஏறி இறங்கும்போது வேகம் குறைவதற்கும். டிக்கெட்டில் போட்டிருக்கும் நேரமும் வாசலை விட்டு நகர்வதிலிருந்து அடுத்த ஊரில் போய் நிற்பது வரைதான், பறக்கும் நேரம் மட்டுமல்ல.

ஆனால் போகவர ஒரே நேரம் ஆகாது. அட்லாண்டிக்கின் மேல் உயரத்தில் ஜெட் காற்று மேற்கிலிருந்து கிழக்கே வீசுகிறது, குளிர்காலத்தில் இன்னும் பலமாக. 900 கி.மீ. வேகத்தில் போகும் விமானத்துக்கு 100 கி.மீ. எதிர்காற்று இருந்தால் சுமார் 46 நிமிடம் கூடும். அதே காற்று பின்னாலிருந்து தள்ளினால் 37 நிமிடம்தான் மிச்சம். எதிர்காற்றில் அதிக நேரம் மாட்டிக்கொள்வதால் இழப்பும் அதிகம். அதனால் நியூயார்க் போக எட்டு மணி, திரும்ப ஏழு மணி என்று வைத்துக்கொள்.

காலை 11க்குக் கிளம்பி பிற்பகல் 2க்கு இறங்குவதைப் பார்த்து மூன்று மணிப் பயணம் என்று நினைத்துவிடாதே. இரண்டும் அந்தந்த ஊர் நேரம். ஐந்து மணி வித்தியாசத்தைக் கூட்டு, எட்டு வரும். திரும்பும்போது கழிக்க வேண்டும். மார்ச்சில் இரண்டு மூன்று வாரமும், அக்டோபர் கடைசியில் ஒரு வாரமும் இந்த வித்தியாசம் நான்கு மணியாகிவிடும், இரு நாடுகளும் கடிகாரத்தை மாற்றும் ஞாயிறு வேறு வேறு என்பதால்.

மலிவு என்று வழியில் இறங்கி மாறும் டிக்கெட் எடுப்பதானால் தூரத்தை நம்பாதே. ஐஸ்லாந்தின் தலைநகர் ரெய்க்யவிக் வழி சுமார் 500 கி.மீ.தான் கூடுதல், பறந்தால் முக்கால் மணிகூட ஆகாது. இன்னொரு முறை இறங்கி ஏறுவதும் காத்திருப்பதும்தான் நேரத்தைத் தின்னும். இரண்டு விமானமும் ஒரே பிஎன்ஆரில் (முன்பதிவு எண்ணில்) இருக்கட்டும். தனித்தனி டிக்கெட் என்றால், முதலாவது தாமதமானாலும் இரண்டாவது கம்பெனிக்கு நீ வராத பயணிதான். திரும்பும் டிக்கெட்டும் சேர்ந்து ரத்தாகிவிடலாம்.

தேதி முடிவானதும் விமான எண்ணை அனுப்பு.

அன்புடன்,
அப்பா