ஆறு மா நிலமும் பாப்பாவின் டென்னிஸும்

அன்புள்ள தம்பிக்கு,

உன் மகள் பாப்பாவை வெளிநாட்டு டென்னிஸ் அகாடமியில் சேர்க்க அந்த ஆறு மா நிலத்தை இப்போது விற்காதே. எதையும் பாதியில் மூடிவைக்கும் பழக்கம் உனக்கு உண்டு என்பதால் சொல்ல வேண்டியதை முதல் வரியிலேயே சொல்லிவிட்டேன். காரணம் தெரிய வேண்டுமென்றால் மேலே படி.

இதை எல்லோரும் படிக்கிற மாதிரி போட நீ சம்மதித்தது நல்லதாகப் போயிற்று. திருவாரூர், மயிலாடுதுறை, பட்டுக்கோட்டை என்று டெல்டா முழுக்க இதே கேள்வியோடு அப்பாக்கள் இருக்கிறார்கள். பிள்ளை மாவட்ட அளவில் ஒரு கோப்பை வாங்கியதும் அவர்களுக்குத் தூக்கம் போய்விடுகிறது.

கோயம்புத்தூர் மாயா ராஜேஸ்வரன் ரேவதியின் செய்தியைப் பார்த்த பிறகுதான் உனக்கு இந்த எண்ணம் வந்தது. 2025 பிப்ரவரியில் மும்பையில் நடந்த டபிள்யூடிஏ 125 என்ற சர்வதேசப் பெண்கள் போட்டியில், தகுதிச் சுற்றிலிருந்து ஏறி வந்து அரையிறுதி வரை ஆடியது அந்தப் பெண். அப்போது வயது 15. அப்புறம் ஸ்பெயினில் ரஃபேல் நடாலின் டென்னிஸ் அகாடமி. நீ படித்தது இந்தக் கடைசி வரியை மட்டும்தான் என்று நினைக்கிறேன். அதற்கு முன்பே கோயம்புத்தூரில் ஆடி, ஜூனியர் அளவில் பெயர் வாங்கிய பிள்ளை அது. ஆட்டம் தேறிய பிறகு அகாடமி வந்தது. நீ அகாடமியை வாங்கி ஆட்டத்தைத் தேற்றப் பார்க்கிறாய்.

பாப்பாவின் ஆட்டம் எனக்குப் பிடிக்கவில்லை என்று நினைத்துவிடாதே. பொங்கல் லீவில் தஞ்சாவூர் கிளப்பில் அவள் ஆடியதை முழுக்கப் பார்த்தேன். காலையிலேயே கோர்ட்டைப் பார்த்துக்கொள்ளும் மார்க்கர் மண் கோர்ட்டில் தண்ணீர் தெளித்து ரோலர் இழுத்து வைத்திருந்தார். எதிரே ஆடியது அவளைவிட இரண்டு வயது பெரிய பையன். பந்து எல்லாம் ஃபெல்ட் தேய்ந்த மொட்டைப் பந்து. நாலுக்கு நாலு இருக்கும்போது முதல் சர்வ் வலையில் போய்விட்டது. இரண்டாவது சர்வை அவள் தள்ளிவிடவில்லை. பந்தைத் தலைக்குப் பின்னால் தூக்கிப் போட்டு, முதுகை வளைத்து, ராக்கெட்டை மேல்நோக்கிச் சுழற்றி அடித்தாள். கோட்டுக்கு வெளியே விழுந்தது. அடுத்த பாயிண்டிலும் அதே மாதிரி, அதுவும் டபுள் ஃபால்ட் (இரண்டு சர்வும் தவறிப் பாயிண்ட் போவது). மூன்றாவது தடவை பந்து உள்ளே விழுந்து, அந்தப் பையனின் தோள் உயரத்துக்குக் குதித்தது. அவனால் தொட மட்டும்தான் முடிந்தது.

12 வயதில் இரண்டாவது சர்வை இப்படி ஆடுகிற பிள்ளையை நான் அதிகம் பார்த்ததில்லை. பந்தை எப்படியாவது அந்தப் பக்கம் அனுப்பிவிட்டு எதிராளி தப்பு செய்யக் காத்திருப்பதுதான் இந்த வயதில் வழக்கம். அதில் கோப்பையும் வரும், 14 வயதுக்குட்பட்டோர் பிரிவு முழுக்க அப்படித்தான் போகிறது. நீயும் அவளிடம் "பத்திரமா போடும்மா" என்று கம்பிக்கு வெளியே இருந்து கத்தினாய். இனிமேல் கத்தாதே.

சாயங்காலம் ஐந்தரைக்கு கிளப் பெரியவர்கள் டபுள்ஸ் ஆட வந்துவிட்டார்கள். பாப்பா ராக்கெட்டை உறையில் போட்டுக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்தாள். ஏழரை வரைக்கும் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு இன்றைக்கு இல்லாமல் இருப்பது அந்த இரண்டு மணி நேர கோர்ட். அதற்கு ஆறு மா விற்க வேண்டியதில்லை. பேசவேண்டிய ஆட்களிடம் பேசினால் போதும், நான் பேசுகிறேன்.

சரி, கணக்குக்கு வருவோம்.

பெண்கள் ஆட்டத்தில் வயது விதி ஒன்று இருக்கிறது. 1990-ல் அமெரிக்காவின் ஜெனிஃபர் கேப்ரியாட்டி 14 வயது நிறைவதற்கு முன்பே தொழில்முறை ஆட்டத்தில் இறங்கி, அந்த வருஷமே ஃபிரெஞ்சு ஓப்பன் அரையிறுதிக்குப் போனார். இரண்டு வருஷத்தில் ஒலிம்பிக் தங்கம். அப்புறம் இருபது வயது ஆவதற்குள் ஆட்டமே வேண்டாம் என்று ஒதுங்கிப் போனார். பிறகு திரும்பி வந்து 2001-ல் ஆஸ்திரேலிய ஓப்பன் ஜெயித்தது தனிக் கதை. அந்தக் காலத்துக்கு அப்புறம் விதியை இறுக்கினார்கள். 14 ஆகும்வரை தொழில்முறைப் போட்டியே கிடையாது. 14 முதல் 18 வரை, வருஷத்துக்கு இத்தனை போட்டிதான் என்று வயதுக்கு வயது ஒரு வரம்பு. அதாவது நீ எவ்வளவு பணம் கொட்டினாலும் பாப்பாவால் அதற்கு முன்னால் ஓடமுடியாது. இப்போது நிலத்தை விற்று வெளிநாட்டு அகாடமிக்குக் கட்டினால், அவளுக்கு 16 ஆவதற்குள் பணம் தீர்ந்திருக்கும். பெரிய செலவு தொடங்குவதே அப்போதுதான்.

அந்தச் செலவு எப்படிப்பட்டது என்று சொல்கிறேன். உலகத் தரவரிசையின் கீழ்ப்படி டபிள்யூ15 போட்டிகள். 15,000 டாலர் போட்டி என்றால் ஜெயிப்பவருக்கு 15,000 என்று நம்மூரில் நிறைய பேர் நினைக்கிறார்கள். ஒற்றையர், இரட்டையர் எல்லாம் சேர்த்து மொத்தப் பரிசே அவ்வளவுதான். ஒற்றையர் சாம்பியனுக்குச் சுமார் 2,300 டாலர். முதல் சுற்றில் தோற்றால் 150 டாலரை ஒட்டி, நம் காசில் பதிமூன்றாயிரம் ரூபாய். அதிலும் வரி பிடிப்பார்கள். தகுதிச் சுற்றிலேயே தோற்றால் அதுவும் இல்லை, கட்டிய நுழைவுக் கட்டணம் போனது போனதுதான்.

இந்தியாவில் வருஷத்துக்குச் சில போட்டிதான் நடக்கும். மற்றதற்கு வெளியே போகவேண்டும். துனிசியாவில் மொனாஸ்டிர், எகிப்தில் ஷார்ம் எல் ஷேக், துருக்கியில் அன்டால்யா. இந்த ஊர்களில் கடற்கரை ஹோட்டலை ஒட்டியே கோர்ட் இருக்கும், வாரம் ஒரு போட்டி என்று தொடர்ந்து நடத்துவார்கள். பிள்ளைகள் அங்கேயே ஒரு மாதம், ஒன்றரை மாதம் தங்கி ஆடுவார்கள். திங்கள்கிழமை தோற்றால் அடுத்த வாரம்வரை அறை வாடகை, சாப்பாடு, பந்து, ஸ்டிரிங் எல்லாம் கைக்காசு. 16, 17 வயதுப் பெண்ணைத் தனியாக அனுப்ப மாட்டீர்கள். கூட ஒரு ஆள் என்றால் இரண்டு டிக்கெட், இரண்டு விசா. உன் மனைவி கேட்டாளே, "யார் கூடப் போறது, மாட்டை யார் பார்க்கிறது" என்று, நீ சிரித்துவிட்டாய். அன்றைக்கு அந்த அறையில் உருப்படியான கேள்வி கேட்டது அவள் ஒருத்திதான்.

வாங்கிய தரவரிசைப் பாயிண்டும் 52 வாரம்தான் நிற்கும். போன வருஷம் இதே வாரம் வாங்கியது இந்த வருஷம் கழிந்துவிடும். போன சம்பாவில் மாவுக்கு எத்தனை மூட்டை கண்டது என்பதை வைத்து இந்த வருஷம் சாப்பிட முடியுமா? திரும்ப நாற்று விட்டு, திரும்ப நடவேண்டும். நடுவில் மணிக்கட்டோ முட்டியோ போனால் தரவரிசை சறுக்கிக் கீழே வந்துவிடும்.

மேல்படியையும் சொல்லிவிடுகிறேன். 2025 விம்பிள்டனில் முதல் சுற்றில் தோற்றவருக்கே 66,000 பவுண்டு. ஆனால் அங்கே நேரடியாக நுழைய, தரவரிசையில் கிட்டத்தட்ட 104-க்குள் இருக்கவேண்டும். இந்த இரண்டு படிக்கும் நடுவில் இருப்பது ஐந்தாறு வருஷ நடை. அந்த நடைக்குத்தான் அந்த ஆறு மா வேண்டியிருக்கும்.

பிரஜ்னேஷ் குணேஸ்வரனை எடுத்துக்கொள். சென்னைக்காரர், இடது கை ஆட்டம், 1989-ல் பிறந்தவர். வளர்ந்து வரும் வயதில் முட்டி எலும்பில் விரிசல் விட்டு, கிட்டத்தட்ட ஐந்து வருஷம் சரியாக ஆடவே முடியவில்லை. அந்த வயதில் ஐந்து வருஷம் என்பது ஒரு முழு ஆட்டக்காரரையே முடித்துவிடும். அவர் திரும்பி வந்து, அதே கீழ்ப்படிப் போட்டிகளை ஆடி, 2018-ல் ஸ்டுட்கார்ட் புல்தரையில் கனடாவின் ஷபோவலோவை வென்றார். அதே வருஷம் ஆசியப் போட்டியில் வெண்கலம். 2019-ல் நாலு கிராண்ட் ஸ்லாமிலும் பிரதான சுற்றில் ஆடினார், ஏப்ரலில் உலகத் தரவரிசை 75. அப்போது அவர் வயது 29. 2024 நவம்பரில் ஓய்வு பெற்றபோது நம் டிவியில் கீழே ஓடுகிற வரியாகப் போட்டு முடித்துவிட்டார்கள். ஒரு ஐபிஎல் பையனுக்குக் காய்ச்சல் வந்தால் அரை மணி நேரம் பேசுவார்கள்.

அவர் குடும்பத்துக் கணக்கு எனக்குத் தெரியாது. ஆனால் 29 வயதில் 75-க்கு வந்தவரை, 22 வயதில் காசு இல்லை என்று நிறுத்தியிருந்தால் அந்த 75 இல்லை. இவ்வளவுதான் நான் சொல்ல வருவது. 12 வயதில் யாரும் தோற்றுப்போவதில்லை. 20-க்கும் 25-க்கும் நடுவில்தான் பிள்ளைகள் ராக்கெட்டைக் கீழே வைக்கிறார்கள், அதுவும் பல பேர் ஆட்டம் போதாமல் அல்ல, பயணத்துக்குக் காசு போதாமல். சுமித் நாகல் இந்தியாவின் முதல்நிலை ஆட்டக்காரராக இருந்த 2023-லேயே, தன் வங்கிக் கணக்கில் 900 யூரோதான் இருக்கிறது என்று வெளிப்படையாகச் சொன்னார். அடுத்த வருஷம் ஆஸ்திரேலிய ஓப்பனில் பப்ளிக்கை வீழ்த்தி, ஜூலையில் 68-ஆம் இடத்துக்குப் போனார்.

பெண்களில் நமக்கு முன்னால் நடந்தவர்கள் இன்னும் குறைவு. ஓப்பன் யுகத்தில், அதாவது தொழில்முறை ஆட்டக்காரர்களும் ஆடத் தொடங்கிய 1968-க்குப் பிறகு, கிராண்ட் ஸ்லாம் ஒற்றையர் பிரதான சுற்றில் ஒரு ஆட்டம் ஜெயித்த முதல் இந்தியப் பெண் நிருபமா வைத்தியநாதன், 1998 ஆஸ்திரேலிய ஓப்பனில். அவரும் கோயம்புத்தூர்தான். (அந்த ஊர்த் தண்ணீரில் என்ன இருக்கிறதோ, நம் காவிரியில் இல்லை.) அப்புறம் சானியா மிர்சா 2007-ல் 27-ஆம் இடம். மணிக்கட்டு ஒத்துழைக்காமல் ஒற்றையரை விட்டுவிட்டு இரட்டையருக்கு மாறி, 2015-ல் அதில் உலக முதலிடத்துக்குப் போனார். அவரைத் தவிர வேறு இந்தியப் பெண் யாரும் ஒற்றையரில் முதல் நூறுக்குள் இதுவரை போனதில்லை. இதைப் பயமுறுத்தச் சொல்லவில்லை. பாப்பாவுக்கு இரட்டையர் ஆட்டமும் இப்போதிருந்தே பழக்கமாகட்டும் என்பதற்காகச் சொல்கிறேன். வலைக்குப் பக்கத்தில் அவள் கை வேகமானது.

இன்னொரு வழி இருக்கிறது, நம்மூரில் அதை யாரும் யோசிப்பதில்லை. 2009 சென்னை ஓப்பனில் நான் நுங்கம்பாக்கத்தில் லைன் அம்பயராக நின்றேன். வைல்ட் கார்டில், அதாவது போட்டி நடத்துபவர்கள் கொடுக்கும் சிறப்பு இடத்தில், வந்த சோம்தேவ் தேவ்வர்மன், ஃபிரெஞ்சு ஓப்பன் ஜெயித்த கார்லோஸ் மோயாவை வென்று, அடுத்து கார்லோவிச்சையும் வென்று இறுதிவரை போய் சிலிச்சிடம் தோற்றார். ஸ்டேடியம் அப்படி அதிர்ந்து நான் கேட்டதில்லை. (அந்தப் போட்டியையே அப்புறம் புனேவுக்குக் கொடுத்துவிட்டோம், அந்த வயிற்றெரிச்சல் வேறு.) சோம்தேவ் அகாடமியில் இருந்து நேரே அங்கே வரவில்லை. அமெரிக்காவில் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டே ஆடி, 2007, 2008 இரண்டு வருஷமும் கல்லூரிகளுக்கான தேசிய ஒற்றையர் பட்டத்தை வென்றுவிட்டு வந்தார். கோச், கோர்ட், ஜிம், பயணம் எல்லாம் கல்லூரிச் செலவு. அங்கே முதல் பிரிவுக் கல்லூரிகளில் ஆண்கள் அணிக்கு நாலரை உதவித்தொகை என்றால் பெண்கள் அணிக்கு எட்டு என்று ரொம்ப காலம் இருந்தது. இப்போது விதிகள் மாறிவிட்டன, ஆனாலும் பெண் பிள்ளைக்கு அது திறந்த கதவுதான். ஆனால் பள்ளிக்கூட மார்க்கைப் பார்ப்பார்கள். ஆகவே ஸ்கூலை நிறுத்தி டென்னிஸ் மட்டும் என்ற பேச்சை இன்றோடு விடு. கணக்கில் அவள் 41 வாங்கியதை எனக்குத் தெரியாது என்று நினைக்கிறாயா?

அப்படியானால் இப்போது என்ன செய்வது? அடுத்த இரண்டு வருஷம் திருச்சியும் தஞ்சாவூரும் போதும். இந்திய டென்னிஸ் சங்கம் நடத்தும் ஜூனியர் போட்டிகளில் டேலன்ட் சீரிஸ், சாம்பியன்ஷிப் சீரிஸ் ஆடட்டும், லீவில் மன்னை எக்ஸ்பிரஸ் ஏறி சென்னை போய் சூப்பர் சீரிஸ் ஆடட்டும். அங்கே சிமெண்ட் தரையில் பந்து எப்படி எழும்புகிறது என்று பார்த்துவிட்டு வரட்டும். நம் மண் கோர்ட் ஐப்பசி, கார்த்திகையில் எப்படியும் ஊறிக் கிடக்கும், அந்த மாதங்களை உடற்பயிற்சிக்கு ஒதுக்கு. ராக்கெட்டில் விறைப்பான முழு பாலியெஸ்டர் ஸ்டிரிங் போட்டிருக்கிறாய், அதை அவிழ்த்துவிட்டு மெத்தென்ற மல்ட்டிஃபிலமென்ட் போடு. டிவியில் பெரியவர்கள் போடுவது இந்தக் கைக்கு ஆகாது, தோள்பட்டைதான் போகும். அரசாங்கத்தில் எலைட், மிம்ஸ் என்று விளையாட்டுத் திட்டங்கள் இருக்கின்றன. தேசிய அளவில் ஆட்டம் காட்டிய பிறகு விண்ணப்பிப்போம். ஆறு மாவைக் குத்தகைக்கு விட்டு வருகிற நெல் பணத்தில் பாதியை அவள் பெயரில் போட்டு வை. அவளுக்கு 18 ஆகும்போது நிலத்தை விற்கத்தான் வேண்டும் என்று வந்தால், பத்திரத்தில் சாட்சிக் கையெழுத்து நானே போடுகிறேன்.

கடைசியாக ஒன்று, இதுதான் அவசரம். சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பின் (ஐடிஎஃப்) ஜூனியர் போட்டிக்குப் பதிவு செய்ய பாஸ்போர்ட்டில் உள்ள பெயரும் பிறந்த தேதியும் வேண்டும். அவள் பிறப்புச் சான்றிதழில் வெறும் இன்ஷியல், ஆதாரில் உன் முழுப் பெயர், ஸ்கூலில் இன்னொரு மாதிரி. தஞ்சாவூரிலேயே பாஸ்போர்ட் சேவா கேந்திரம் இருக்கிறது, ஆனால் இந்த மூன்றையும் ஒன்றாக்காமல் அங்கே போனால் திருப்பித்தான் அனுப்புவார்கள். முதலில் மன்னார்குடி நகராட்சியில் சான்றிதழைத் திருத்தவேண்டும். வருகிற வாரம் ஒரு நாள் லீவு போட்டுவிட்டு வருகிறேன், எந்தக் கிழமை தோது என்று கேட்டுச் சொல்.

அன்புடன்,
அக்கா
கும்பகோணம்