ரைபிளில் ஒட்டிய எப்பாக்ஸியைச் சுரண்டாதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம். அமெரிக்காவில் ரெமிங்டன் 700 ரைபிள் வைத்திருப்பவர்களில் பலர், ஆக்‌ஷன் (சுடும் பாகங்கள் அடங்கிய இரும்புப் பகுதி) பிடிக்கும் கட்டைக்குள் அசையாமல் உட்கார வேண்டும் என்பதற்காக வீட்டிலேயே எப்பாக்ஸி என்ற இறுகும் பசையை ஊற்றி இடைவெளியை நிரப்பும் பெட்டிங் செய்கிறார்கள். நல்ல வேலைதான். ஆனால் ஸ்க்ரூ மரையிலும் ட்ரிகரைப் பிடிக்கும் ஊசியின் துளையிலும் வழிந்து இறுகிய பசையை ஸ்க்ரூடிரைவரால் நோண்டி, நல்ல இரும்பைக் கீறிவிடுவதைப் பார்த்தால் வயிறு எரிகிறது.

பசை இறுகும் முன்பே வினிகர் தொட்ட பஞ்சால் துடைத்தால் சுலபமாக வந்துவிடும். அப்புறம் உடனே எண்ணெய் தடவ வேண்டும், ஏனென்றால் வினிகர் அங்கேயே தங்கினால் இரும்பின் மேலுள்ள நீல மெருகைத் தின்றுவிடும்.

இறுகிய பிறகு அசிட்டோனை நம்பிப் பயனில்லை, முழுதாக இறுகிய எப்பாக்ஸி அதில் கரையாது. குண்டு இல்லை என்று உறுதி செய்து, ட்ரிகரையும், குண்டை உள்ளே தள்ளிப் பூட்டும் போல்ட்டையும் கழற்றி வைத்துவிட்டு, அந்த இடத்தை மட்டும் ஹேர் டிரையரால் மெல்லச் சூடாக்குங்கள். பசை இளகும்போது பித்தளைக் குச்சியாலோ கூர்சீவிய மரக்குச்சியாலோ தள்ளினால் பெயர்ந்து வரும். மரைக்குள் இருப்பதை 1/4-28 அளவு டேப்பை (மரை வெட்டும் கருவி) கையால் சுற்றி எடுக்கலாம். தீச்சுவாலை மட்டும் வேண்டவே வேண்டாம், வெப்பத்தால் உரமேற்றிய ரிசீவர், அதாவது ரைபிளின் இரும்பு உடல், அதில் பலம் இழக்கும், சுடும்போது அது உயிருக்கே ஆபத்து.

துளைகளில் முன்பே களிமண் அடைத்து, வெளியே மெழுகு பூசியிருந்தால் இத்தனை பாடும் இல்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகர்