பெட்டியை விற்கத்தான் இந்த ஏற்பாடு

அன்புள்ள ஆசிரியருக்கு,

சில வீடியோ கேம்கள் ப்ளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ் போன்ற கன்சோல்களுக்கு (டிவியில் இணைத்து கேம் ஆடும் பெட்டிகளுக்கு) மட்டும் வந்து கணினிக்கு வராதது ஏன் என்று சென்ற இதழின் கேள்வி பதில் பகுதியில் ஒரு வாசகர் கேட்டிருந்தார். ‘கணினிக்கு அந்த அளவு திறன் இல்லை’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். காரைக்குடியில் கணினி அசெம்பிள் செய்து கொடுக்கும் கடை வைத்திருக்கிறேன். அந்தப் பதிலை நம்பி, மகனுக்கு விலை கூடிய கிராபிக்ஸ் கார்டு போட்டுத் தரச் சொல்லி யாராவது வருவார்கள். எனக்கு வியாபாரம்தான். ஆனால் கணினிக்கென்று வெளியிடாத கேம் எந்த கார்டைப் போட்டாலும் ஓடாதே!

உண்மைக் காரணம் பெரும்பாலும் வியாபாரம். எக்ஸ்பாக்ஸ் பெட்டியை விற்றதில் லாபமே பார்த்ததில்லை என்று மைக்ரோசாப்ட் அதிகாரி ஒருவரே 2021இல் அமெரிக்க நீதிமன்றத்தில் சாட்சியம் சொன்னார். காசு வருவது அப்புறம், அந்தப் பெட்டிக்காக வாங்கும் ஒவ்வொரு கேமிலும். மற்ற நிறுவனங்களின் கேம்களை விற்றுக் கொடுப்பதற்கு நூற்றுக்கு முப்பது வரை கமிஷன் உண்டு. அதே கேம் கணினியில் விற்றால் அந்தக் கமிஷன் கணினி கேம் விற்கும் ஸ்டீம் போன்ற இணையக் கடைகளுக்குப் போய்விடும். இதை ஒருவருக்கு விளக்கிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் நின்ற தேவகோட்டைப் பெரியவர், “அப்ப அசல்ல விட்டு வட்டியில எடுக்கிறான்னு சொல்லுங்க தம்பி” என்றார். பர்மாவுக்குக் கொண்டுவிக்க, அதாவது வட்டித் தொழில் செய்யப் போன குடும்பம். அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

அதனால்தான் நல்ல கேம் ஒன்றைக் காட்டிப் பெட்டியை வாங்க வைக்கிறார்கள். ‘ஹேலோ’ கதையைப் பாருங்கள். 1999இல் ஆப்பிள் மேடையில் ஸ்டீவ் ஜாப்ஸ் அறிமுகப்படுத்திய கணினி விளையாட்டு அது. மறு வருடமே அதைத் தயாரித்த நிறுவனத்தை மைக்ரோசாப்ட் வாங்கிவிட்டது. 2001இல் எக்ஸ்பாக்ஸோடு கேம் வந்தது. கணினிக்காரர்கள் 2003 வரை காத்திருந்தார்கள். கன்சோல் செய்யும் இன்னொரு நிறுவனமான நின்டெண்டோ இன்னும் பிடிவாதம். தன் மரியோ, செல்டா கேம்களைத் தன் பெட்டிக்கு வெளியே கணினிப் பக்கம் விடுவதே இல்லை.

தொழில்நுட்பக் காரணமே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். ப்ளேஸ்டேஷன் 3இல் இருந்த ‘செல்’ பிராசஸர் நம் கணினிகளில் இருப்பதிலிருந்து முற்றிலும் வேறு வகை. அதற்கென எழுதியதை மாற்றுவது பெரும்பாடு. ஆனால் 2013இல் வந்த ப்ளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன் இரண்டிலுமே கணினியில் இருக்கும் அதே வகை ஏஎம்டி சிப்தான். மிச்சமிருக்கும் சிக்கல் வேறு: கன்சோல் என்றால் எல்லார் வீட்டிலும் ஒரே அமைப்பு, கணினி என்றால் வீட்டுக்கு வீடு வேறு. என் மேசைக்கு வரும் இரண்டு கணினிகள் ஒன்றுபோல் இருந்து நான் பார்த்ததில்லை. 2015இல் ‘பேட்மேன்: ஆர்க்கம் நைட்’ கணினிப் பதிப்பு சரியாக ஓடாமல், வெளிவந்த சில நாட்களிலேயே விற்பனையை நிறுத்தி, அக்டோபரில்தான் மறுபடி விற்றார்கள். திருட்டு நகல் பயமும் உண்டு. (நம் ஊரில் காசு கொடுத்துக் கணினி கேம் வாங்கியவர்களைப் பற்றி நான் பேசாமல் இருப்பதே நல்லது.)

சரி, என்ன செய்யலாம்? அவசரமில்லை என்றால் காத்திருக்கலாம். ‘ஜிடிஏ 5’ 2013 செப்டம்பரில் கன்சோலுக்கு வந்து 2015 ஏப்ரலில் கணினிக்கு வந்தது. ப்ளேஸ்டேஷன் தயாரிக்கும் சோனியின் ‘காட் ஆஃப் வார்’ 2018இலிருந்து 2022 வரை எடுத்துக்கொண்டது. ‘ரெட் டெட் ரிடெம்ப்ஷன்’ 2010இல் வந்தது, கணினிக்கு 2024இல்! ஆவலில் முதலில் கன்சோலில் வாங்கியவரே பிறகு கணினிக்கும் ஒருமுறை வாங்குவார் என்பது அவர்களுக்குத் தெரியாதா என்ன. காத்திருக்க முடியாத பையன்களுக்கு ஒரே நம்பிக்கை, கல்யாணத்துக்கு சிங்கப்பூரிலிருந்து வரும் சித்தப்பா கையில் ஒரு கன்சோல் இருக்க வேண்டும்.

உங்கள் இதழில் கேம் விமர்சனம் எழுதுபவரிடம் ஒரு வேண்டுகோள். எந்தெந்தக் கருவிகளுக்கு வந்திருக்கிறது, கணினிக்குத் தேதி அறிவித்திருக்கிறார்களா என்ற இரண்டையும் முதலிலேயே போட்டுவிடச் சொல்லுங்கள். கார்டு வாங்கக் கிளம்பும் அப்பாக்கள் அதைப் பார்த்துவிட்டு வரட்டும்.

இப்படிக்கு,
ஒரு கணினிக் கடைக்காரன்,
காரைக்குடி